உங்களுக்குத் தெரியுமா? ரப்பரும் மரவள்ளியும் பங்காளிகள்!

மரவள்ளி இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள். வெள்ளையாய்ப் பால் கசியும். கிள்ளான் பண்டமாரானில் வேலியோரம் வளரும் அந்தச் செடியும், நம் முன்னோர் விடியுமுன் பால் வெட்டப் போன ரப்பர் மரமும் ஆமணக்குக் குடும்பத்துப் பங்காளிகள். இரண்டின் செல்லிலும் குரோமோசோம்கள் 36.

ஏறக்குறைய நாலு கோடி ஆண்டுகளுக்கு முன், இவ்விரண்டுக்கும் பொதுவான மூதாதைச் செடியில் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்தது. ஆமணக்கில் அது நடக்கவில்லை. அதற்குக் குரோமோசோம்கள் இன்றும் 20தான்.

இரட்டித்தது அப்படியே நிற்பதில்லை. ஒரு தொகுதியின் டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாக எண்ணினால் ஆமணக்கில் சுமார் 35 கோடி, மரவள்ளியில் சுமார் 75 கோடி. ரப்பரிலோ, அளக்கும் முறைக்கேற்ப 150 கோடியிலிருந்து 215 கோடி வரை! பங்காளிகள் இருவருக்கும் கிடைத்த சொத்து ஒன்றே. ரப்பரிடம் மட்டும் எப்படி இவ்வளவு பெருகியது? தன்னைத் தானே படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகள்தான் காரணம். ரப்பரின் தொகுதியில் 70 சதவீதத்துக்கு மேல் இப்படித் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளே. ரப்பர் பால் உருவாக உதவும் ஒரு மரபணுக் குடும்பமும் இம்மரத்தில் தனியாகப் பல்கியிருக்கிறது. நமக்குச் சோறு போட்டது அந்தப் பெருக்கம்.

வாழையின் கதை நேர்மாறு. பகாங் மாநிலப் பெயர் தாங்கிய காட்டுவாழை வகையின் மரபணுத் தொகுதி 2012இல் வெளியானது. அதன் பரம்பரையில் மூன்று முறை முழு இரட்டிப்பு நடந்திருக்கிறது. இருந்தும் எழுத்துகள் சுமார் 52 கோடிதான். இரண்டு படி இருக்கும்போது ஒன்று பழுதானாலும் செடி பிழைத்துக்கொள்ளும்; பழுதானது காலப்போக்கில் கழிந்துபோகும். அப்படித்தான் தொகுதி இளைக்கிறது.

சந்தையில் வாங்கும் பீசாங் மாஸ் வாழையில் குரோமோசோம்கள் 22, அதாவது இரண்டு தொகுதி. பீசாங் பெராங்கானிலும் ரஸ்தாளியிலும் 33, அதாவது மூன்று தொகுதி. பெராங்கானை நறுக்கினால் நடுவே தெரியும் கரும்புள்ளிகள், விதையாகாமல் நின்றுபோனவை. மூன்று தொகுதிகளைச் சரிபாதியாகப் பங்கிட முடியாததே அதற்கு முக்கியக் காரணம்.

பொங்கலுக்குக் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கட்டுக்கட்டாகக் கரும்பு வருகிறதே, அந்தக் கரும்புக் குலம் இவை எல்லாவற்றையும் மிஞ்சும். கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலையும் இனக்கலப்பு செய்தது. முதல் வெற்றி கோ 205, வெளியான ஆண்டு 1918. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930களில் அங்கேதான் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். இன்றைய ஆலைக் கரும்புகளில் குரோமோசோம்கள் 100 முதல் 130 வரை, எல்லாத் தொகுதிகளும் சேர்ந்து எழுத்துகள் சுமார் 1,000 கோடி. இந்தக் கலப்புக்கு வயது சுமார் நூறு ஆண்டுதான். இளைக்க இன்னும் காலம் வாய்க்கவில்லை.

மீண்டும் ரப்பருக்கு வருவோம். அதன் மரபணுத் தொகுதியை முதன்முதலில் 2013இல் வெளியிட்டது மலேசிய ஆய்வாளர் குழு. அதற்கு எடுத்துக்கொண்ட மர ரகம் ஆர்ஆர்ஐஎம் 600. அதன் பெற்றோரில் ஒன்று பிபி 86, பிராங் பெசார் தோட்டத்து மரம். அந்தத் தோட்டம் இருந்த இடம்தான் இன்றைய புத்ராஜெயா. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பால் வெட்டியவர்களா? எந்தத் தோட்டம், எந்த ரக மரம் என்று இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்.