காப்பித் தூளும் கடற்கரை மணலும்

மாமல்லபுரம் கடற்கரை மணலில் ஊற்றிய நீர் உடனே உள்ளிறங்கும். செங்கல்பட்டு ஏரிக் களிமண்ணிலோ தேங்கி நிற்கும். காரணம், துகள்களின் பருமன். காப்பி பில்டரிலும் இதே கதைதான்.

துகளின் பருமனை அளப்பது எப்படி? 1, 0.5, 0.25 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடைகளை மேலிருந்து கீழாக அடுக்குங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள். 100 கிராம் தூளை மேலே இட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றிலும் தங்கியதை எடை போடுங்கள். 0.5 மி.மீ. சல்லடையில் 60 கிராம் தங்கினால், தூளில் 60 விழுக்காடு 0.5-க்கும் 1-க்கும் இடைப்பட்டது.

துகளின் விட்டம் பாதியானால், அதே எடைத் தூளின் மொத்தப் பரப்பு இரு மடங்காகும். சாரம் நன்றாக இறங்கும். ஆனால் நீர் வடியும் வேகம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். மணல் வடிகட்டிகளை ஆராய்ந்து இவ்விதியை 1890-களில் கூறியவர் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நல்ல டிகாக்ஷன் இருக்கிறது.

ரவைச் சல்லடையும் மாவுச் சல்லடையும் இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம். செய்து பாருங்கள்!