கணினியா, கொன்சோலா? சீனன்குடாவில் ஒரு வீட்டு வழக்கு

சீனன்குடாவில் அக்கா வீட்டுக்குப் போனபோது ஒரு வழக்கு எனக்காகக் காத்திருந்தது. மருமகனுக்குச் சாதாரண தரப் பரீட்சை முடிந்துவிட்டது. அத்தான் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் பிளேஸ்ரேசன் வேண்டும் என்கிறான் அவன். படிப்புக்கும் உதவுகிற கணினிதான் என்கிறாள் அக்கா.

"என்னடா விளையாடப் போறாய்?"

"சண்டைதான் மாமா."

அக்காவின் முகம் மாறிவிட்டது. பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் தாழப் பறந்தால் இப்போதும் கைவேலையை விட்டுவிட்டு மேலே பார்ப்பவள் அவள்.

அவன் சொன்னது துவக்குச் சண்டையல்ல. ரெக்கன், ஸ்ரீற் பைற்றர் போல இருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டங்கள். இரண்டுமே யப்பானில் பிறந்தவை. 1942 ஏப்ரலில் யப்பான் விமானங்கள் குண்டு போட்ட சீனன்குடாவில் அவற்றுக்காக ஒரு பொடியன் அடம்பிடிக்கிறான் என்பது வேறு கதை.

அவன் அடத்துக்குக் காரணம் பெரியப்பாவின் மகன். பழைய பிளேஸ்ரேசன் 2 ஒன்றின் முன்னால் ஒரே பாயில் இருந்து இருவரும் விளையாடியவர்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு பெரியப்பா குடும்பம் ரொறன்ரோ போய்விட்டது. அண்ணாவிடம் இப்போது பிளேஸ்ரேசன் 5 இருக்கிறது. தானும் அதையே வாங்கினால்தான் அண்ணாவோடு விளையாடலாம் என்று நினைத்திருக்கிறான்.

அது முன்னைய காலம். 2023இல் வந்த ஸ்ரீற் பைற்றர் 6, 2024இல் வந்த ரெக்கன் 8 இரண்டிலும் கணினிக்காரரும் கொன்சோல்காரரும் ஒன்றாக மோதலாம். அதோடு பிளேஸ்ரேசனில் இணையவழி ஆட மாதாமாதமோ வருடத்துக்கோ சந்தா கட்ட வேண்டும். கணினியில் அந்தச் செலவில்லை.

ஆனால் அக்கா நினைக்கிற கணினி போதாது. இந்த ஆட்டங்கள் செக்கனுக்கு 60 படங்கள் என்ற கணக்கில் ஓடுகின்றன. குத்து, தடுப்பு எல்லாம் அந்தப் படக் கணக்கில்தான். நல்ல கிராபிக்ஸ் கார்ட் இல்லாவிட்டால் ஆட்டமே மெதுவாகிவிடும். எதிரே ஆடுபவனுக்கும் அது தொல்லை. கொன்சோலில் இந்தக் கவலை இல்லை, வாங்கி மாட்டினால் சரி. ரீவியில் மட்டும் 'கேம் மோட்' போட மறக்கக்கூடாது. இல்லையென்றால் படத்தை மெருகூட்டும் வேலையில் ரீவியே தாமதப்படுத்தும். கணினி வாங்கினால் இருவர் ஒரே கீபோர்டில் ஆடவும் கூடாது. பல விசைகளை ஒன்றாக அழுத்தும்போது மலிவான கீபோர்ட் சிலவற்றை விழுங்கிவிடும்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது அவன் கேட்ட கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல மனமில்லை. "அப்ப அண்ணாவோட முந்தி மாதிரி விளையாடலாமா?"

திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ 13,000 கிலோமீற்றருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர ஆகும் நேரம் ஏறத்தாழ 8 படங்கள். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். ரெக்கனில் வேகமான குத்துக்கே 10 படங்கள்தான் எடுக்கும். எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டி, ஊகம் பிழைத்தால் பின்னால் போய்த் திருத்தும் நுட்பம் இப்போது இருக்கிறது. இவ்வளவு தூரத்துக்கு அதுவும் திணறும். அடித்த அடி அடிக்காததாகிவிடும். எந்தப் பெட்டி வாங்கினாலும் இந்தத் தூரம் குறையாது.

லாகூர்க்காரரான அர்ஸ்லான் அஷ் பற்றியும் அவனுக்குச் சொன்னேன். 2019இல் யப்பானிலும் பின்னர் லாஸ் வேகாசிலும் எவோ போட்டிகளில் ரெக்கன் 7 பட்டத்தை வென்றவர். அவர் கற்றது ஊர் ஆர்கேட் கடைகளில், பக்கத்தில் நின்று மோதியவர்களிடம்.

கடைசியில் கிராபிக்ஸ் கார்ட் போட்ட பழைய கணினி ஒன்றும், கரண்ட் போனால் பாதுகாப்பாக நிறுத்தி வைக்க ஒரு யூ.பி.எஸ்ஸும், இரண்டு கொன்ரோலர்களும் வாங்கினோம். இரண்டாவது யாருக்கு என்று அக்கா கேட்டாள். பின்வளவுப் பொடியன் ஒருவன் பின்னேரங்களில் வருவதாக மருமகன் சொன்னான்.

ஞாயிறு இரவுகளில் அவன் ரொறன்ரோவோடும் ஆடுகிறான். அங்கே அது காலை. அடி பிந்தி விழுவதாக இருவரும் மாறிமாறித் திட்டிக்கொள்கிறார்களாம். அந்த நேரம் அக்காவும் வந்து பக்கத்தில் இருந்துகொண்டு, மச்சாளிடம் போனைக் கொடுக்கச் சொல்கிறாளாம்.