மிச்சமிருக்கும் புற்றுநோயைக் காட்டும் ஒளி!

மார்பில் சிறிய கட்டி. சோதித்துப் பார்த்ததில், அது புற்றுநோய் என்று தெரிகிறது. ஆபரேஷன் நடக்கிறது. கட்டியை எடுத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள்.

சில நாட்கள் கழித்து டாக்டர் கூப்பிட்டு அனுப்புகிறார்.

"எடுத்த சதையின் ஓரத்திலும் நோய் இருக்கிறது. இன்னொரு ஆபரேஷன் செய்யவேண்டும்" என்கிறார்.

அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்!

மார்பு முழுவதையும் எடுக்காமல், கட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளும் பெண்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு இந்த நிலை ஏற்படுகிறது.

எங்கே நிறுத்துவது?

19-ம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஹால்ஸ்டெட் என்ற டாக்டர் இருந்தார். அவர் மார்பு முழுவதையும், அதன் அடியில் உள்ள தசையையும் சேர்த்தே எடுத்துவிடுவார். வெகுகாலம் அதுவே வழக்கமாக இருந்தது.

1985-ல் பெர்னார்ட் பிஷர் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய குழுவினரும் ஒரு பெரிய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நோய் ஆரம்ப நிலையில் இருந்தால், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தால் போதும் என்று தெரிந்தது. மார்பு முழுவதையும் எடுத்தவர்களைப் போலவே இவர்களும் உயிர் வாழ்ந்தார்கள்.

மார்பு தப்பியது. ஆனால் புதிய சங்கடம் வந்தது. எவ்வளவு சதையை எடுப்பது? எங்கே நிறுத்துவது?

புற்றுநோய்ச் செல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை. ஓரத்தில் சிதறிக் கிடந்தால், எவ்வளவு கெட்டிக்கார டாக்டருக்கும் தெரியாது. எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் சில நாட்கள் ஓடிவிடும்.

அடையாளம் தேடினார்கள்

நோயுள்ள செல்லுக்கு மட்டும் ஒளிரும் பொட்டு வைத்துவிட்டால் என்ன? விஞ்ஞானிகள் இப்படி யோசித்தார்கள்.

பொட்டு ஒட்டுவதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அது புற்றுநோயில் நிறைய இருக்கவேண்டும். நல்ல சதையில் குறைவாக இருக்கவேண்டும். பெரும்பாலான நோயாளிகளிடமும் இருக்கவேண்டும். அப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

செல்லின் மேல்பரப்பில் "ஹெர்-2" என்ற புரதம் உண்டு. சில மார்புப் புற்றுநோய்களில் அது ஏராளமாக இருக்கும். ஆனால், 100 நோயாளிகளில் 15 முதல் 20 பேரிடம்தான் அப்படி இருக்கிறது. மற்ற 80 பேருக்கு என்ன செய்வது?

ஆயுதமே காட்டிக்கொடுக்கிறது!

அமெரிக்காவில் சிலர் வேறு வழியில் போனார்கள். புற்றுநோய், பக்கத்துச் சதையை அரித்துக்கொண்டு பரவுகிறது. அரிப்பதற்கு உதவுபவை "என்சைம்" என்ற பொருள்கள். கத்தரிக்கோல் போல இவை புரதங்களை வெட்டும். இவற்றையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

"பெகுலிசியானின்" என்ற மருந்து உருவாயிற்று. இது முதலில் ஒளிராது. அந்த என்சைம்கள் வெட்டிய பிறகே ஒளிரும். திருடன் கையில் உள்ள கன்னக்கோலே அவனைக் காட்டிக்கொடுப்பது போல!

ஆபரேஷனுக்கு 2 மணி முதல் 6 மணி நேரத்துக்கு முன் இந்த மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். டாக்டர் கட்டியை எடுத்த பிறகு, அந்தக் குழிக்குள் ஒரு சிறு கருவியை வைத்துப் பார்க்கிறார். ஒளிரும் இடம் திரையில் தெரிகிறது. அங்கே இன்னும் கொஞ்சம் சதையை எடுக்கிறார். இந்த முறைக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

பலன் என்ன?

சோதனையில் 357 பெண்களுக்கு இந்த ஒளியின் உதவியுடன் ஆபரேஷன் நடந்தது. வழக்கமான முறையில் கட்டியை எடுத்து முடித்த பிறகும், 27 பேரிடம் மிச்சமிருந்த நோயை ஒளி காட்டிக்கொடுத்தது. ஓரத்தில் நோய் இருந்தவர்கள் 62 பேர். அவர்களில் 9 பேர் இரண்டாவது ஆபரேஷனிலிருந்து தப்பினார்கள்.

குறைகளும் உண்டு. மிச்சமிருந்த நோயில் ஏறத்தாழ பாதியைத்தான் ஒளி காட்டியது. சில இடங்களில் நல்ல சதையும் ஒளிர்ந்தது. சிலருக்கு மருந்து கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கியது. ஆகவே, மைக்ராஸ்கோப்புச் சோதனை இன்றும் அவசியம். இதைவிட நல்ல அடையாளம் கிடைக்குமா என்று விஞ்ஞானிகள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனுக்குத்தான் இந்த ஒளி துணை செய்யும். அதற்கு, கட்டி சிறியதாக இருக்கும்போதே தெரியவேண்டும். எனவே தாய்மார்களே, மார்பில் கட்டி தென்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.