உங்களுக்குத் தெரியுமா? டிஸ்க்கில் இடம் பிடிக்கும் வித்தை

'அ' என்ற ஒரே எழுத்தைத் தட்டி ஒரு கோப்பாகச் சேமித்தால், யூடிஎஃப்-8 கணக்கில் அது 3 பைட். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையிலோ அது வழக்கமாக 4,096 பைட்டை வளைத்துப் போட்டுவிடும். அங்கே இடம் கிடைப்பது பிளாக் கணக்கில்தான்; மிச்சமுள்ள 4,093 பைட்டை வேறு கோப்பு தொட முடியாது. பழைய ஃபேட்16 இன்னும் மோசம். 2 ஜிபி பார்ட்டிஷனில் இதே 'அ' 32 கேபி தின்றுவிடும்!

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இதில் கெட்டி. இப்படிப் பொடிக் கோப்பு வந்தால் தனி இடமே தராது. கோப்புகளின் விவரம் எழுதும் பதிவேட்டிலேயே உள்ளடக்கத்தையும் செருகிவிடும்.

எந்த பிளாக்கை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் வேகமே இருக்கிறது. பழைய யூனிக்ஸில் புத்தம்புது டிஸ்க் விநாடிக்கு 175 கேபி வரை கொடுக்கும். சில வாரம் புழங்கினால் காலி பிளாக்குகள் கண்டபடி சிதறி, வேகம் 30 கேபிக்குச் சரிந்துவிடும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெக்குசிக், பில் ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி நால்வரும் இதற்கு மருந்து கண்டார்கள். 1984-இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். டிஸ்க்கைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒரே ஃபோல்டரின் கோப்புகளைக் கூடுமானவரை ஒரே வட்டாரத்தில் குடிவைத்தார்கள். அதற்காக ஒரு பெரிய கோப்பு வட்டாரத்தையே வாரிச் சுருட்டிவிடக் கூடாதே? 48 கேபி தாண்டியதும் அதை வேறு வட்டாரத்துக்குத் தள்ளினார்கள். பிறகு ஒவ்வொரு எம்பிக்கும் ஒருமுறை இடமாற்றம். என்னைக் கேட்டால், கோப்பு முறைமை வரலாற்றில் இவ்வளவு எளிய, இவ்வளவு பலன் தந்த விதி வேறில்லை. டிஸ்க்கின் முழுத் திறனில் 2 முதல் 4 சதவீதம் மட்டுமே கிடைத்துவந்த இடத்தில், 47 சதவீதம் வரை கிடைத்தது.

இஎக்ஸ்டி4 இன்னொரு தந்திரம் செய்கிறது. நீங்கள் 'சேவ்' கொடுத்தவுடன் பிளாக் ஒதுக்காது. பந்திக்கு எத்தனை பேர் என்று பார்த்து இலை போடுவதுபோல, தகவல் எவ்வளவு சேர்கிறது என்று நினைவகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மொத்தமாக அடுத்தடுத்த பிளாக்குகளைக் கொடுக்கும். இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. அந்த இடைவெளியில் கணினி நின்றுபோய், சில கோப்புகள் 0 பைட்டாகிவிட்டன என்று 2009-இல் பெரிய ரகளையே நடந்தது. அதன் பிறகு, பழைய கோப்பின் மேல் எழுதும்போது காத்திருக்காமல் உடனே ஒதுக்கும்படி திருத்தினார்கள்.

10 ஜிபி டிஸ்க்கில் 1 டிபி கோப்பு உருவாக்கலாம். பொய்யில்லை! எதுவும் எழுதாத பகுதிக்கு பிளாக்கே ஒதுக்காமல் 'ஓட்டை' என்று குறித்துக்கொள்ளும். நேர்மாறாக, எழுதுமுன்பே இடத்தை உறுதிசெய்ய வேண்டுமானால் 'எஃப்அலோகேட்' கட்டளை இருக்கிறது.

சர்வரில் பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் காலியாகவில்லையா? ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அது மூடும்வரை பிளாக்குகள் விடுபடாது.

கடைசியாக, உங்கள் டிஸ்க்கிலேயே ஒளிந்திருக்கும் இடம். இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கும். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி! சினிமாவும் புகைப்படமும் மட்டும் வைக்கும் டிஸ்க் என்றால், 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையால் இதை 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் நிறுவியிருக்கும் டிஸ்க்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.