கொலையாளியின் கண்ணில் கமராவை வைத்தால்

மட்டக்களப்பின் அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா, தொடர் கொலைகாரன் ஒருவனைக் கதைநாயகனாக வைத்து 1980இல் ‘மூடுபனி’யை எடுத்தார். ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவிய படம். இளையராஜாவுக்கு அது நூறாவது. வாவிக்கரை ஊர்களில் கைத்தொலைபேசியோடு குறும்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர்கள், தொடர் கொலைகாரன் வகைப் படத்துக்கு இரண்டு நிமிடத் தொடக்கம் அமைக்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதற்கு முன் அந்த வகையின் விதிகள் நம் உடம்பில் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

1978 ஒக்டோபரில் ஜோன் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ வெளிவந்தது. அதே மாதத்தில்தான் தமிழில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. ‘ஹாலோவீன்’ தொடங்கும்போது கமரா ஒரு வீட்டுக்கு வெளியே நின்று யன்னல் வழியே உள்ளே பார்க்கிறது. பின்பக்கமாக நுழைந்து குசினியில் கத்தி எடுக்கிறது, படியேறுகிறது. கீழே கிடக்கும் முகமூடியைப் போட்டுக்கொண்டதும் திரையே இரண்டு ஓட்டைகளாகச் சுருங்குகிறது. அந்த ஓட்டைகள் வழியாகத்தான் கொலையைப் பார்க்கிறோம். வாசலுக்கு வந்ததும் முகமூடியைக் கழற்றுகிறார்கள். நிற்பது ஆறு வயதுப் பையன்.

இருட்டில் சந்தேகம் தட்டினால் நாம் தலையைத் திருப்பிப் பார்ப்போம். இந்தக் காட்சியில் தலை நம்முடையதல்ல. கமரா திரும்பினால்தான் நாமும் திரும்ப முடியும். பார்க்கிறவனின் முகமும் தெரியாது. அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருப்பது மூளையின் ஓயாத வேலை. ஊகிக்கத் தேவையான இரண்டையும் பிடுங்கிக்கொண்டால் அது பதற்றத்தோடு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒலி இன்னும் நேராகப் பாய்கிறது. திடீரென்று பெருஞ்சத்தம் கேட்டால் ஏறத்தாழ ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். மூளைத்தண்டின் அனிச்சைச் செயல் அது. ‘இது படம்தானே’ என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மனித அலறலுக்கும் தனிக் குணம் உண்டு. அதன் உரப்பு விநாடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் மிக மெதுவானது. இந்தக் கரகரப்பு, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியைத் தூண்டுவதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படக் குளியலறைக் காட்சியில் பேர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் கிறீச்சிடும்போது நம் உடல் கூசுவதும் ஓரளவு இதனால் இருக்கலாம். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று அவர் முதலில் நினைத்திருந்தார்.

இந்த விதிகளை மீறுவதும் இதே ஊகிக்கும் மூளையை நம்பித்தான். கொலைகாரன் வளர்ந்த ஆள் என்று நாமே முடிவுகட்டியிருப்பதால்தான் அந்த ஆறு வயது முகம் அதிரவைக்கிறது.

பாலு மகேந்திரா மீறிய விதம் வேறு. கொலையாளி யார் என்பதை அவர் கடைசிவரை ஒளித்துவைக்கவில்லை. அவனுடைய பிள்ளைப்பருவக் காயத்தைக் காட்டினார். அவன் கையில் கிற்றாரைக் கொடுத்து ஜேசுதாஸின் குரலில் பாடவைத்தார். இருட்டை மட்டும் நம்பாமல் ஊட்டியின் வெண்பனிக்குள்ளும் ஆபத்தைக் கொண்டுவந்தார். ‘யார் அவன்?’ என்ற கேள்வி போய், ‘இவனோடு அகப்பட்ட பெண் என்ன ஆவாள்?’ என்ற கவலை நம்மைப் பிடிக்கிறது. ஆனால் ஒரு விதியை அவரும் உடைக்கவில்லை. பாலியல் தொழில் செய்யும் பெண்கள் அதில் சாவதற்காகவே வருகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை இல்லை. எனக்கு அந்தப் படத்தின் பெரிய குறை அதுதான்.

மட்டக்களப்பில் அந்த விதியை உடைக்க வலுவான காரணம் இருக்கிறது. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் பற்றிய பீதி கிழக்கு மாகாணமெங்கும் பரவியது. உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பேச்சில் ஊர்கள் விழித்திருந்தன. யன்னலுக்கு வெளியே நிற்பவனின் கண் எப்படிப் பார்க்கும் என்பதை நூறு படங்கள் காட்டிவிட்டன. உள்ளே விழித்திருந்தவர்களின் காது என்ன கேட்டது என்பதைக் காட்டியவர்கள் குறைவு. வாவியோரத்தில் இரவு முழுக்கத் தவளையும் பூச்சியும் கத்திக்கொண்டிருக்கும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் அடங்கும். அந்த அமைதி மெல்ல மெல்ல வீட்டை நெருங்கினால் பறையும் வேண்டாம், வயலினும் வேண்டாம்.

கமராவை எடுக்கப்போகும் தம்பி தங்கைகளிடம் கேட்பது இதுதான்: முதல் ஷொட்டை வெளியே நிற்பவனுக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெண்ணுக்கு ஒரு பெயர் வையுங்கள், விடிந்ததும் அவள் செய்யவேண்டிய ஒரு வேலையைச் சொல்லுங்கள். அதன்பிறகு கதவைத் தட்டுங்கள்.