ஆய்வுகூடத்தில் மாணவர்: பட்டப்படிப்பு நிலை ஆராய்ச்சி பற்றிய ஒரு நோக்கு

பல்கலைக்கழகம் அறிவைக் கையளிக்கும் இடமா, அன்றி அறிவை உருவாக்கும் இடமா என்ற வினா புதியதன்று. 1810இல் பெர்லினில் இயங்கத் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமிட்ட வில்ஹெல்ம் வொன் ஹம்போல்ட், கற்பித்தலும் ஆராய்ச்சியும் பிரிக்கப்படலாகாதவை எனக் கொண்டார். ஆயினும் பட்டப்படிப்பு மாணவரைப் பொறுத்தவரையில் இக்கோட்பாடு பெரிதும் ஏட்டளவிலேயே நின்றது. பொறியியல் மாணவர் செயன்முறை வகுப்பிற் செய்யும் பரிசோதனைகள் பெரும்பாலும் விடை முன்னரே அறியப்பட்டவை. கருவி தரும் பெறுமானம் பாடநூலோடு பொருந்தாவிடின் பிழை மாணவருடையதாகும். ஆராய்ச்சியிலோ அப்பொருந்தாமையே புதியதொரு வினாவின் தொடக்கமாகலாம். இவ்வேறுபாட்டை மனங்கொண்டே நாம் இவ்விடயத்தை நோக்குதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பவியல் நிறுவகம் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். போலரொயிட் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான எட்வின் லாண்ட், 1957இல் அங்கு நிகழ்த்திய உரையில், மாணவர் முதலாண்டிலிருந்தே தமக்குரிய ஆராய்ச்சியில் ஈடுபடவேண்டுமென வற்புறுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1969இல், அந்நிறுவகத்தின் இளம் ஆசிரியையான மாகிறற் மக்விக்கர் பட்டப்படிப்பு மாணவருக்கான ஆராய்ச்சி வாய்ப்புத் திட்டத்தை நிறுவி அக்கருத்துக்குச் செயல்வடிவம் கொடுத்தார். இன்றும் நடைபெறும் இத்திட்டத்தில் மாணவர் ஊதியத்துக்காகவோ, பட்டத்துக்குக் கணிக்கப்படும் பாட அலகுக்காகவோ, தன்னார்வமாகவோ பணியாற்றலாம்.

ஆய்வுகூடத்துள் மாணவர் நுழைவது எவ்வாறு? முதலில், தாம் நாடும் பேராசிரியரின் அண்மைக்காலக் கட்டுரைகள் சிலவற்றையேனும் அவர் வாசித்திருத்தல் அவசியம். அடுத்து, அங்கு பணிபுரியும் முதுநிலை ஆய்வு மாணவருடன் உரையாடி அன்றாட வேலை எத்தகையதென அறிதல் வேண்டும். பின்னர், எவ்வினாவை, எம்முறையால், எவ்வளவு காலத்தில் ஆராய்வதென ஓரிரு பக்கங்களில் எழுதிப் பேராசிரியரோடு விவாதித்தல் பயன்தரும். தொடக்க வாரங்கள் பாதுகாப்புப் பயிற்சியிலும், கருவிகளை அளவுதிருத்துவதிலும், மாதிரிகளைத் தயாரிப்பதிலும் கழியும். திகதியிட்ட குறிப்பேட்டில் வெற்றி மட்டுமன்றித் தோல்வியும் பதியப்படல் வேண்டும். தோல்வியை அழித்துவிடும் குறிப்பேடு, அடுத்து வருபவரை அதே குழியில் வீழ்த்தும்.

இவ்வனுபவத்தின் சிறப்பு வெறும் தொழிற்றிறன் பெறுவதன்று. மூளையுழைப்பையும் கையுழைப்பையும் பிரித்து, முன்னதை உயர்த்திப் பின்னதைத் தாழ்த்துவது வர்க்க சமுதாயத்தின் இயல்பு. பரீட்சைக் கல்வி அப்பிரிவினையை மேலும் இறுக்குகின்றது. ஆய்வுகூடத்திலோ அது நிலைக்கமாட்டாது. மீண்டும் மீண்டும் சுமையேற்றப்படும் உலோகத்துண்டு உடைவதற்கு, கடைசல் அதன் மேற்பரப்பில் விட்டுச்சென்ற நுண்ணிய கீறலே தொடக்கமாகலாம். அக்கீறலைத் தவிர்க்கும் வகை கடைசற் பொறியில் நிற்கும் தொழிலாளியின் கைக்குத் தெரியும். அவரிடம் கற்கத் தயங்கும் மாணவர் தமது அளவீட்டையே சரிவர விளங்கிக்கொள்ளார்.

எனினும் இத்தகைய திட்டங்களை அவற்றின் சமூகத் தளத்திலிருந்து பிரித்துப் போற்றுவது தவறாகும். ஊதியமின்றி ஆய்வுகூடத்தில் உழைக்கக்கூடியவர் யார்? விடுமுறையிற் கூலி வேலை செய்தே படிப்பைத் தொடரவேண்டிய மாணவருக்குத் தன்னார்வ ஆராய்ச்சி, பூட்டப்படாத கதவாயினும் திறக்கமுடியாத கதவே. ஆதலால் ஊதியம் என்பது சலுகையன்று. வாய்ப்பு உண்மையானதா என்பதற்கான உரைகல். வெளியாகும் கட்டுரையில் மாணவரின் பங்களிப்புக்கு உரிய இடம் அளிக்கப்படுகிறதா என்பதும் இதனோடிணைந்த வினாவே.

மற்றொரு வினா இதனினும் அடிப்படையானது: ஆராய்ச்சி யாருக்காக? இத்திட்டம் தோன்றிய அதே 1969இல், மார்ச் 4ஆந் திகதி, அதே நிறுவகத்தின் விஞ்ஞானிகளும் மாணவரும் ஆராய்ச்சியை ஒருநாள் நிறுத்தி, விஞ்ஞானம் இராணுவத் தேவைகளுக்குப் பயன்படுவதை விவாதித்தனர். அப்பொலோ விண்கலங்களின் வழிகாட்டற் கணினியை வடிவமைத்த அங்குள்ள ஆய்வுகூடம், அணுவாயுத ஏவுகணைகளுக்கான வழிகாட்டற் கருவிகளையும் வடிவமைத்தது. வியட்நாம் யுத்தக்கால எதிர்ப்பின் விளைவாக, 1973இல் அது நிறுவகத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆயினும் பணி நின்றுவிடவில்லை. தனி நிறுவனமாக அது தொடர்ந்தது. நிருவாகப் பிரிவினையொன்றினால் விஞ்ஞானத்தின் சமூகப் பயன் மாறிவிடாதென்பதை இது உணர்த்துகின்றது.

ஆகவே ஆய்வுகூடத்துள் நுழையும் மாணவர் கருவியை இயக்கக் கற்பதோடு, அக்கருவிக்குப் பணம் தருபவர் யார், பெறும் முடிவு யார் கைக்குச் செல்லும் என்பவற்றையும் வினவக் கற்றல் வேண்டும். முதலாவது அவரை நல்ல பொறியியலாளராக்கும். இரண்டும் சேருமிடத்தே அவர் தமது உழைப்பின் பொருளை அறிந்த மனிதராவார்.