மாடு வாங்கினால் சுழி பார்ப்போம், மடிக்கணினி வாங்கினால்?

பெற்றோர்களே! எஸ்.பி.எம். தேர்வு முடித்து மேற்படிப்புக்குப் பிள்ளைகள் புறப்படும் வீடுகளில் இன்று எழும் முதல் பேச்சு, "அப்பா, லேப்டாப் வேண்டும்" என்பதுதான். பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த காசு அது. புதியது வாங்கக் கட்டுப்படியாகாமல், சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ பழைய கணினி விற்கும் கடைக்குப் போகிறீர்கள். பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். அவசரப்பட்டு வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்!

காசில்லா மென்பொருள்

பழைய கணினிகள் பலவற்றில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. ஏறத்தாழ 2018க்கு முந்திய கணினிகள் பல, விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை. அப்படியானால் தூக்கி எறிவதா? வேண்டாம். லினக்ஸ் இருக்கிறது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது. யாரும் இலவசமாகப் பெறலாம். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோசுடன் 'பாஸ்' என்னும் இந்திய லினக்சும் இருந்தது.

வம்பு எங்கே?

லினக்ஸ் ஏற்றியதும் திரை, விசைப்பலகை எல்லாம் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். வைஃபைதான் சில கணினிகளில் மக்கர் செய்யும். வைஃபை சில்லை இயக்க 'டிரைவர்' என்னும் மென்பொருள் தேவை. இன்டெல் நிறுவனம் தன் சில்லுகளுக்கான டிரைவரை லினக்சுக்குள்ளேயே சேர்த்து வருகிறது. அதனால் தொல்லை குறைவு. பிராட்காம் சில்லுகள் பலவற்றுக்குத் தனி டிரைவர் இறக்க வேண்டும். ரியல்டெக்கில் சில வகைகள் புதிய லினக்சில்தான் ஓடும். இணையம் வர டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும்! பிள்ளை என்ன செய்யும்?

கடையிலேயே பாருங்கள்

சுழி பார்க்காமல் நம் பெரியவர்கள் மாடு வாங்கியதுண்டா? இதற்கும் அப்படித்தான்.

1. விண்டோசில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பகுதியில் வைஃபை சில்லின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு ஏற்றிய 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து கொண்டு போங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, நிறுவாமல் சோதிக்கும் முறையில் ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பது எதுவும் அழியாது.

3. உங்கள் கைத்தொலைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, கணினி அதைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒலி, கேமரா, மின்கலம் ஆகியவற்றையும் சோதியுங்கள்.

கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!

முன்பே வாங்கிவிட்டீர்களா?

கலங்க வேண்டாம். கைத்தொலைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து 'டெதரிங்' முறையில் இணையம் பெற்று டிரைவரை இறக்கலாம். பல கணினிகளில் வைஃபை அட்டையையே மாற்றலாம். ஆனால் சில பழைய கணினிகள் தம் நிறுவனம் அனுமதித்த அட்டையை மட்டுமே ஏற்கும். கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

இன்னொன்று: பிள்ளையின் படிப்புக்கு விண்டோசில் மட்டும் ஓடும் மென்பொருள் தேவையா என்று கல்லூரியில் முதலில் விசாரியுங்கள். தேவையென்றால் லினக்ஸ் மட்டும் போதாது.

அரை மணி நேரச் சோதனைதான். வியர்வை சிந்திச் சேர்த்த வெள்ளி வீணாகாமல் இருக்க, அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுங்கள், பெற்றோர்களே!